கேமிங் பிசி: எந்தப் பாகத்தில் பணம் வீணாகிறது? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கெட்டுப்போன பாகத்தை வாரன்ட்டியில் மாற்றிக்கொள்ளலாம். நன்றாக வேலை செய்கிற, ஆனால் உங்களுக்குப் பொருந்தாத பாகத்தை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேமிங் பிசி பில்டு பண்ணியவர்கள் பின்னால் வருத்தப்படுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு என்று எங்கே வாங்கினாலும், ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் கதை ஒன்றுதான். பில் போடுவதற்கு முன்னால் இருக்கும் பத்து நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது?

சுருக்கமாக:

- ஒரே பெயரில் இரண்டு தரத்தில் கார்டுகள் விற்கப்படுகின்றன. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். முழு மாடல் எண்ணைப் பாருங்கள்.
- எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்’ என்று எழுதியிருப்பதும், அது உண்மையில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தருவதும் ஒன்றல்ல.
- யுபிஎஸ்ஸில் விஏ வேறு, வாட் வேறு.
- பழுதான, சொன்னதற்கு மாறான பொருளுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மனசு மாறினால் வழியில்லை.

ஒரே பெயர், வேறு கார்டு: எப்படி?

என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. முதலாவதன் மெமரி ஒரு நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும், இரண்டாவது 16.8 ஜிபி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

இது ஒருமுறை நடந்த விபத்து இல்லை. வரிசையாகப் பாருங்கள்:

- ஜிடிஎக்ஸ் 1060: 6 ஜிபி கார்டில் 1,280 கூடா கோர்கள். 3 ஜிபி கார்டில் 1,152. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவர்களுக்குக் கோரும் குறைவாகத்தான் கிடைத்தது.
- ஆர்டிஎக்ஸ் 3050: 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் 2,560 கோர்கள். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2,304. மெமரிப் பாதையின் அகலமும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்தது.
- ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி: அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2,304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள். சீனச் சந்தைக்காக வந்த இந்த வகையில் 2,048. ‘ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, புதுசு’ என்று மலிவாகப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.
- ரைசன் 7 5700: இதற்கும் 5700எக்ஸுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம் போலத் தெரியும். உள்ளே சிப்பே வேறு. 5700எக்ஸில் 32 எம்பி எல்3 கேஷ், பிசிஐஇ 4.0. வெறும் 5700-இல் 16 எம்பி, பிசிஐஇ 3.0. கேமிங்குக்குக் கேஷ் முக்கியம்.

2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. இரண்டுக்கும் சிப்பே வேறு. எதிர்ப்பு பலமாக எழுந்ததால், 12 ஜிபி கார்டைக் கடைக்கு வருமுன்பே பின்வாங்கியது. 2023 ஜனவரியில் அதுவே ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. எல்லாத் தடவையும் இப்படி நடப்பதில்லை.

8 ஜிபி விஆர்ஏஎம் போதுமா?

‘ஆவரேஜ் எஃப்பிஎஸ் நல்லாத்தானே வருது, ஏன் ஆடும்போது திக்குது?’ இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் விஆர்ஏஎம்மில் இருக்கும்.

கேமின் டெக்ஸ்சர்கள் கார்டின் சொந்த மெமரியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது நிரம்பிவிட்டால், மீதி மதர்போர்டில் இருக்கும் ரேமுக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் பிசிஐஇ வழியாக வர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டை வைத்துக் கணக்குப் போடலாம். அதன் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி கடத்துகிறது. அந்தக் கார்டு பயன்படுத்துவது 8 பிசிஐஇ பாதைகள்தான். பிசிஐஇ 4.0 மதர்போர்டில் அந்தப் பாதை வழியாக வருவது நொடிக்குச் சுமார் 16 ஜிபி. பிசிஐஇ 3.0 போர்டில் சுமார் 8 ஜிபி. எட்டு வழிச் சாலையிலிருந்து திடீரென்று சந்துக்குள் திரும்புவது மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை குறைவு என்று 8 ஜிபி கார்டைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், பழைய சிஸ்டத்தில் கார்டை மட்டும் மாற்றுபவர்கள். அவர்களுடைய போர்டு பெரும்பாலும் பிசிஐஇ 3.0. அதாவது, மெமரி நிரம்பினால் அதிகம் அடிவாங்குவது அவர்கள்தான்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி (2022) இதற்குச் சரியான உதாரணம். 4 ஜிபி மெமரி, வெறும் 4 பிசிஐஇ பாதைகள். புதிய போர்டில் ஒரு மாதிரி ஓடும், 3.0 போர்டில் வேகம் சட்டென்று விழும். வீடியோ என்கோடரும் கிடையாது என்பதால் ஸ்ட்ரீமிங் பண்ண நினைத்தவர்களுக்கு இரட்டை ஏமாற்றம்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் கிடைக்கின்றன. வேலரன்ட், சிஎஸ்2 போன்ற போட்டி கேம்கள் மட்டும் ஆடுவீர்கள் என்றால் 8 ஜிபி தாராளம். புதிய பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் நாலைந்து வருடம் ஆட ஆசை என்றால் 16 ஜிபிக்குக் கூடுதல் பணம் தருவது நியாயம். ரிவ்யூ பார்க்கும்போது ஆவரேஜ் எஃப்பிஎஸ்ஸோடு ‘1 சதவீத லோ’ எண்ணையும் பாருங்கள். திக்கல் அதில்தான் தெரியும்.

எஸ்எம்பிஎஸ்: பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழும் இடம்

பட்ஜெட் இடித்தால் எல்லோரும் கை வைப்பது இதில்தான். ‘கேபினெட்டோடவே வருது சார், 450 வாட்’ என்பார் கடைக்காரர். அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் போவது 12 வோல்ட் வரிசையில். அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 × 18 = 216 வாட். உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான், 450 அல்ல. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரிசையே ஏறக்குறைய முழு வாட்டையும் தரும்.

அடுத்து, ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை. இது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல. கரன்ட் பில்லுக்காகக் கோல்டு வாங்கலாமா? கணக்குப் பார்ப்போம்:

- கேம் ஓடும்போது பாகங்களுக்கு 300 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம்.
- 85% திறனுள்ள பிரான்ஸ் யூனிட் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 353 வாட். 90% திறனுள்ள கோல்டு யூனிட் 333 வாட்.
- வித்தியாசம் 20 வாட். தினமும் 4 மணி நேரம் ஆடினால், வருடத்துக்குச் சுமார் 29 யூனிட்.
- யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 230 ரூபாய் சொச்சம்.

கோல்டுக்காக 2,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அதைக் கரன்ட் பில்லில் மீட்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே முத்திரையின் நிறத்தைவிட, அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த ரிவ்யூ இருக்கிறதா, எத்தனை வருட வாரன்ட்டி என்பதுதான் முக்கியம். பெயர்பெற்ற பிராண்டு என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. கிகாபைட்டின் 750, 850 வாட் ஜிஎம் வரிசை யூனிட்கள் சோதனைகளில் வெடித்ததால், 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம் அவற்றை மாற்றித்தர முன்வந்தது. அந்த யூனிட்களிலும் கோல்டு முத்திரை இருந்தது.

இன்னொரு விஷயம். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய மாடுலர் கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் மாற்றாதீர்கள். செருகும் இடம் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஒயர் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். தவறான கேபிள் ஹார்டு டிஸ்க்கையும் எஸ்எஸ்டியையும் ஒரே நொடியில் எரித்துவிடும்.

யுபிஎஸ் வாங்கியும் ஏன் ஆஃப் ஆகிறது?

சாதாரண 600 விஏ யுபிஎஸ் தருவது பொதுவாக 360 வாட். கேம் ஓடும் சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரன்ட் போன அந்த நொடியிலேயே எல்லாம் ஆஃப். யுபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாங்கும்போது விஏவைக் கேட்காதீர்கள், ‘எத்தனை வாட்?’ என்று கேளுங்கள்.

மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலையைத் தராமல் படிக்கட்டு மாதிரியான அலையைத் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் நின்றுவிடும். இரண்டும் நல்ல பொருள்தான், ஜோடி சேரவில்லை. வாங்கும் முன் யுபிஎஸ்ஸின் அலை வகையைக் கேளுங்கள்.

வாடகை வீடு என்றால் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்திங்கைச் சரிபார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ‘சுரீர்’ என்றால் முதல் சந்தேகம் அதுதான்.

பிராசஸரும் போர்டும்: முட்டுச்சந்து எது?

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2017-இல் போர்டு வாங்கியவர்கள் பலர், பயாஸ் அப்டேட் செய்து, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே போர்டில் பொருத்த முடிந்தது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த அடுத்த பிராசஸர்களுக்குப் புதிய போர்டு வேண்டும். இன்று வாங்கும் பாகம் எவ்வளவு வேகம் என்பதோடு, மூன்று வருடம் கழித்து அதே போர்டில் வேறு என்ன போடலாம் என்றும் கேட்க வேண்டும்.

சின்ன எழுத்துகளும் செலவு வைக்கும்:

- இன்டெல் ‘எஃப்’: உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு சர்வீஸுக்குப் போனால் திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் வராது. அதே சிஸ்டத்தில் வொர்க் ஃபிரம் ஹோம் செய்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.
- ரைசன் 5 5600ஜி: கார்டு இல்லாமல் ஆட நல்லது. ஆனால் ‘இப்போ இது, அப்புறம் பெரிய கார்டு’ என்பது உங்கள் திட்டமானால், இதன் 16 எம்பி கேஷும் பிசிஐஇ 3.0-வும் பின்னால் இடிக்கும். 5600-இல் இவை 32 எம்பி, 4.0.
- இன்டெல் ‘கே’ + பி வரிசை போர்டு: ஓவர்கிளாக் செய்வதற்காகக் ‘கே’க்குக் கூடுதல் பணம், பி வரிசை போர்டில் அது முடியாது.

பழைய இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக பிராசஸர் யாராவது விற்றால் கவனம். அதிக வோல்டேஜால் சில சிப்கள் நிரந்தரமாகத் தளர்ந்துபோகும் பிரச்சினையை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டு முதல் மைக்ரோகோடு திருத்தங்களும், பாதிக்கப்பட்ட பாக்ஸ் பிராசஸர்களுக்கு இரண்டு வருடக் கூடுதல் வாரன்ட்டியும் வந்தன. திருத்தம் வருமுன் ஏற்பட்ட சேதத்தை அப்டேட் சரிசெய்யாது.

எஸ்எஸ்டி, ரேம்: பெட்டிக்குள் என்ன?

பெயர் மாறாமல் உள்ளே சரக்கு மாறுவது எஸ்எஸ்டியிலும் உண்டு. க்ரூஷியல் பி2 முதலில் டிஎல்சி மெமரியுடன் வந்தது. பின்னர் அதே பெயரில், மெதுவான க்யூஎல்சிக்கு மாறியது 2021-இல் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550-யிலும் மெமரி மாறியது. கேஷ் தீர்ந்தபின் எழுதும் வேகம் நொடிக்குச் சுமார் 610 எம்பியிலிருந்து 390 ஆக விழுந்தது. எனவே இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிவ்யூவை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ரேமைப் பொறுத்தவரை, ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025-இன் கடைசியில் விலை எகிறியது. க்ரூஷியல் பிராண்டில் நேரடி நுகர்வோர் விற்பனையை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் ‘இப்போ ஒரு ஸ்டிக், அப்புறம் இன்னொன்று’ என்ற திட்டம் ஆபத்து. அதே ஜோடி பிறகு கிடைக்காமல் போகலாம். அதுவரை ஒற்றைச் சேனலில் பாதிப் பாதையில்தான் ஓடும். இரண்டு ஸ்டிக் கிட்டாகவே வாங்குங்கள். பொருத்தியதும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியின் மேல் மட்டும்தான் இருக்கும்.

மானிட்டர்: கார்டுக்கு ஏற்ற திரை எது?

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 82.9 லட்சம், அதாவது நான்கு மடங்கு. நடுத்தரக் கார்டை 4கே மானிட்டரோடு கட்டிப்போட்டால், வருத்தம் திரையைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும். பெரும்பாலான நடுத்தர பில்டுகளுக்கு 1440பி பொருந்தும்.

144 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-இலேயே விட்டுவிடுவது ரொம்ப சாதாரணம். இன்றே ஒருமுறை பாருங்கள். ‘டிஸ்ப்ளேஎச்டிஆர் 400’ முத்திரைக்காகவும் கூடுதல் பணம் தராதீர்கள். அதற்கு லோக்கல் டிம்மிங் கட்டாயமில்லை. உண்மையான எச்டிஆர் அனுபவத்துக்கு அது போதாது.

கேபினெட்டில் ஒரே விதி: முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் வேண்டாம், மெஷ் எடுங்கள். நம் ஊர் மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது, காற்று உள்ளே போக வழியில்லை என்றால் எத்தனை ஆர்ஜிபி ஃபேன் சுற்றியும் பயனில்லை.

சட்டம் எதுவரை உதவும்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்வதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்:

- பில் தராமல் விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை.
- பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது.
- ஆன்லைன் விற்பனைக்கு 2020 இ-காமர்ஸ் விதிகள் உண்டு. விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஜிடிடிஆர்5 என்று பட்டியலில் போட்டுவிட்டு டிடிஆர்4 கார்டு அனுப்பினால், உங்கள் கையில் வலுவான காரணம் இருக்கிறது. ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
- முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் தரலாம். கடை டெல்லியில் இருந்தாலும் பரவாயில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு.

நண்பரின் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் 18% மிச்சம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் ‘நுகர்வோர்’ அல்ல. பிரச்சினை வந்தால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்த பில்லைத்தான். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதைக் கம்பெனிச் செலவாகக் காட்டி வரியைக் கழிப்பதே தவறு என்பது தனி.

நிறுவனமே தவறு செய்தாலும் நிவாரணம் எல்லோருக்கும் வராது. ஜிடிஎக்ஸ் 970-இன் 4 ஜிபியில் கடைசி அரை ஜிபி மிக மெதுவானது என்பது 2015-இல் தெரியவந்தது. அமெரிக்க வழக்கில் ஒரு கார்டுக்கு 30 டாலர் தர என்விடியா உடன்பட்டது. அந்த உடன்பாடு அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும்.

பணம் கொடுக்கும் முன் ஆறு கேள்விகள்

1. பில்லில் முழு மாடல் எண், மெமரி வகை, சீரியல் எண் எழுதித் தருவீர்களா?
2. இந்தியாவில் வாரன்ட்டி தருவது யார்: கடையா, நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரா? பிராசஸர் சீல் பெட்டியா, டிரேயா?
3. எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வரிசை எத்தனை ஆம்பியர்? யுபிஎஸ் எத்தனை வாட்?
4. என் போர்டு பிசிஐஇ எத்தனை? கார்டு எத்தனை பாதைகளைப் பயன்படுத்துகிறது?
5. நான் ஆடப்போகும் மூன்று கேம்கள் எவை? அவற்றுக்கு, என் திரை அளவில், இந்தக் கார்டின் 1 சதவீத லோ எவ்வளவு?
6. பழைய கார்டு என்றால்: ஜிபியூ-இசட்டில் காட்டுங்கள், அரை மணி நேரம் கேம் ஓட்டுங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற போலிகளை அந்த மென்பொருள் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பார்சல் வந்தால், ஒட்டிய டேப்பைக் கிழிப்பதிலிருந்து சீரியல் எண் தெரியும்வரை ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்துவிடுங்கள். பெட்டியை வாரன்ட்டி முடியும்வரை பரணில் வையுங்கள்.